மூடிக் கிடந்த கிராமத்தில் ஒரு மதியச் சாப்பாடு

போன வருஷம் தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பு, தெற்கு பிரான்சில் ஒரு பழைய கால்வாய்க் கரையோரம் நடந்த சம்பவம் இது. நடந்தது பிரான்சில் என்றாலும், அதற்கான கோளாறு பினாங்கிலேயே ஆரம்பமாகிவிட்டது.

நானும் என் கணவரும் ஜோர்ஜ்டவுனில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடை நடத்துகிறோம். கல்யாணமானதிலிருந்து சேர்ந்தாற்போல் ஒரு வாரம் கடையை மூடியது கிடையாது. ஒருநாள் மதியக் கூட்டம் ஓய்ந்த பிறகு அவர் கைப்பேசியில் ஒரு காணொளியைக் காட்டினார். நேராக ஓடும் கால்வாய், இரண்டு கரையிலும் வானத்தை மறைக்கும் மரங்கள், அவற்றின் நிழலில் ஒரு மண்பாதை. அதில் எங்கள் வயதுக்காரர்கள் இரண்டு பேர் சைக்கிளில் ஆடி அசைந்து போய்க்கொண்டிருந்தார்கள்.

"வாழ்க்கையில ஒருவாட்டி இப்படிப் போகணும்லா," என்றார்.

அவர் தனக்கென்று எதையும் கேட்கிற ஆள் இல்லை. புதுச் சட்டை கூட நான் வாங்கிக் கொடுத்தால்தான் உண்டு. அப்படிப்பட்டவர் வாயைத் திறந்து ஒன்றைக் கேட்டதும் எனக்குப் பிடித்துக்கொண்டது. நான் ஒன்றைப் பிடித்தால் விடமாட்டேன். அந்த வாரமே மகளை உட்காரவைத்து, விமானம், சைக்கிள், தங்கும் இடம் எல்லாவற்றையும் பதிவு செய்துவிட்டேன்.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பயிற்சி. முதலில் ஜெலுத்தோங் பக்கம் கடலோரமாக ஓட்டினோம். கால் பழகியதும் சைக்கிளை ஃபெரியில் ஏற்றி பட்டர்வொர்த் போய், அங்கிருந்து கெப்பாலா பத்தாஸ் வயல்களுக்கு நடுவில் வாய்க்கால் கரைகளில் சுற்றினோம். பிரான்ஸ் கால்வாய்க்கு ஒத்திகை என்று பெயர். உண்மையில் நடந்தது சாப்பாட்டு ஊர்வலம். கரையேறினால் பரோட்டா மாதிரி வீசிப் போடும் ரொட்டி சானாய், கொஞ்ச தூரம் போனால் ஐஸும் தேங்காய்ப்பாலும் ஊற்றிய செண்டோல், வயலோரத்தில் ஒரு குடைக்குக் கீழே பொரித்த வாழைப்பழம். அவருக்கு இனிப்பு நீர் வியாதி என்பதால் சீனி போடாத தேநீரோடு உட்கார்ந்து நான் சாப்பிடுவதைப் பார்ப்பார். சைக்கிள் ஓட்டினால் வழியில் சாப்பாடு தானாக வரும் என்று என் புத்தியில் அப்படியே பதிந்துவிட்டது.

பிரான்சில் முதல் நாள் எனக்குத் தலைகால் புரியவில்லை. காணொளியில் பார்த்ததை விட எல்லாம் இரண்டு மடங்கு அழகாக இருந்தது. கால்வாய்த் தண்ணீரில் மரங்கள் தலைகீழாக நின்றன. மதகுகளில் படகை உள்ளே விட்டு, கதவைச் சாத்தி, தண்ணீர் ஏற ஏறப் படகு மேலே வருவதைப் பார்க்க எனக்கு அலுக்கவே இல்லை. மதகுக்கு மதகு சைக்கிளை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தேன். அந்த ஊரில் சாலையின் வலது பக்கம் போக வேண்டும். நான் மறந்து மறந்து இடது பக்கம் போக, எதிரே வந்தவர்கள் எல்லாம் மணி அடித்தார்கள். நான் அதை வணக்கம் என்று எடுத்துக்கொண்டு நானும் மணி அடித்தேன். அவர் பின்னால் சிரித்துக்கொண்டே வந்தார். அப்படி அவர் சிரித்து நான் பார்த்துப் பல வருஷம் ஆகியிருந்தது.

இந்த மாதிரிப் பயணத்தில் பெட்டியை நாம் சுமக்க வேண்டியதில்லை. காலையில் விடுதியில் கொடுத்துவிட்டால், ஒரு வேனில் ஏற்றி அடுத்த விடுதியில் சேர்த்துவிடுவார்கள். எங்கள் பெட்டியில் பாதிக்கு மேல் முறுக்கும் பிஸ்கட்டும் கப் மீ நூடுல்ஸும்தான். இரண்டாவது நாள் காலையில் அத்தனையும் எங்களுக்கு முன்னால் வேனில் சொகுசாகப் போய்விட்டது. எப்போதும் அவர் சட்டைப் பையில் கிடக்கும் மிட்டாயும் அந்தச் சட்டையோடு கூடவே போயிருந்தது. அன்றைக்கென்று நான் இரண்டு பேருக்கும் ஒரே நிறத்தில் சைக்கிள் சட்டை மாட்டிவிட்டிருந்தேன்.

அன்று காலைச் சாப்பாட்டின்போது அவர் மெதுவாகச் சொன்னார். "ரெண்டு ரொட்டி எடுத்து வச்சிக்கலாமா? இனிப்பு நீருக்கு மாத்திர வேற போட்டுட்டேன்."

எங்கள் கடையில் யாராவது அப்பளத்தைப் பைக்குள் போட்டால் நான் எப்படி முறைப்பேன் என்று எனக்குத் தெரியும். அதே மாதிரி யாரோ என்னை முறைப்பதாக நினைத்துக் கூசிப்போனேன்.

"சும்மா இருங்க, பாக்கறவங்க என்ன நெனைப்பாங்க? போற வழியில ஒரு கடை இல்லாமலா போயிரும்?"

அவர் தட்டை நகர்த்திவிட்டு எழுந்தார். நான் எதையாவது முடிவு செய்துவிட்டால் அவர் பேசமாட்டார்.

அன்று திங்கள்கிழமை. அந்தப் பக்கத்து ஊர்களில் திங்கள்கிழமை பாதிக் கடைகள் திறக்காது என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. முதல் கிராமத்தில் ரொட்டிக்கடைக் கதவில் ஒரு சீட்டு தொங்கியது. சரி, அடுத்த ஊரில் பார்ப்போம் என்று ஓட்டினோம். நடுவில் மூன்று மதகுகள் வந்தன. நான் மூன்றிலும் இறங்கிப் படம் எடுத்தேன். அடுத்த கிராமத்துக்குப் போனபோது மத்தியானம் நன்றாகத் தாண்டிவிட்டது. அங்கே ஒரே ஒரு சாப்பாட்டுக் கடை. மேசைகளைத் துடைத்துக்கொண்டிருந்த பெண் கைக்கடிகாரத்தைக் காட்டி, அடுப்பு அணைத்தாகிவிட்டது, இனி ராத்திரிதான் என்றாள்.

"ராத்திரியாம்," என்று நான் அவரிடம் சொல்லிச் சிரித்தேன். "நம்ம ஊர்ல நாலு மணிக்குப் பசிக்குதுன்னு சொன்னா நாலு பேரு கையப் புடிச்சி இழுப்பான்."

அவர் சிரிக்கவில்லை. அடுத்த ஊர் பக்கம்தான், போகலாம் என்று நான் முன்னால் மிதித்தேன்.

கொஞ்ச தூரம் போயிருப்போம். பின்னால் அவர் சைக்கிள் சத்தம் ஒழுங்காக வரவில்லை. திரும்பிப் பார்த்தால் பாதையின் குறுக்கே வளைந்து வளைந்து வந்தார். ஒரு பக்கம் கால்வாய். நான் கத்தினேன். நிறுத்தினார். முகமெல்லாம் வியர்வை, அந்தக் குளிரில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. நல்லவேளையாக அடுத்த கிராமத்தின் வாசலுக்கே வந்துவிட்டோம். அவரைப் பிடித்து ஒரு கல் பெஞ்சில் உட்காரவைத்தேன்.

"ஃபெரி வந்திருச்சா?" என்று கேட்டார்.

ரத்தத்தில் இனிப்பு இறங்கிவிட்டது என்று புரிந்துவிட்டது. வீட்டில் ஒரு தடவை இப்படி ஆகியிருக்கிறது. அப்போது எட்டும் தூரத்தில் சீனி டப்பா இருந்தது. இங்கே என் பையில் தண்ணீர் பாட்டிலும் கேமராவும் சூரியக் களிம்பும் இருந்தன. கைப்பேசியை எடுத்தேன். யாரைக் கூப்பிடுவது, எந்த ஊர் என்று சொல்வது? மறுபடி பையில் போட்டேன். "இங்கயே இருங்க, எந்திரிக்காதீங்க," என்று சொல்லிவிட்டு ஊருக்குள் ஓடினேன்.

அழகான ஊர். பல நூறு வருஷத்துக் கல் வீடுகள், சன்னலெல்லாம் பூத்தொட்டி. வேறு நாளாக இருந்தால் அரை நாள் படம் எடுத்திருப்பேன். அன்று அந்த ஊரைப் பார்க்கவே எனக்கு ஆத்திரமாக வந்தது. எல்லாச் சன்னலும் பலகை போட்டு அடைத்திருந்தது. ஒரு கதவைத் தட்டினேன், பதில் இல்லை. அடுத்ததைத் தட்டினேன், உள்ளே ஒரு நாய் குரைத்தது. தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை. நான் தமிழில் அழுதுகொண்டே கதவு கதவாகத் தட்டினேன்.

அப்போது ஒரு மதிலுக்குப் பின்னால் தட்டில் கரண்டி படும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியாமல் போகுமா? கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

திராட்சைக் கொடிப் பந்தலுக்குக் கீழே நீளமான மேசை. ஒரு குடும்பமே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அத்தனை பேரும் பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். மகள் சொல்லிக்கொடுத்த பிரெஞ்சு வார்த்தைகள் மறந்துபோயின. ஆங்கிலமும் வரவில்லை. என் கை மட்டும் தானாக எழுந்தது. ஐந்து விரலையும் குவித்து வாய்க்குக் கொண்டுபோனேன். கடை வாசலில் வந்து நிற்கிறவர்கள் செய்கிற அதே சைகை. அதைச் செய்த பிறகுதான் நான் என்ன செய்தேன் என்று எனக்கே உறைத்தது. அப்புறம் தெருப்பக்கம் கையைக் காட்டி, "சுகர், ஹஸ்பண்ட், சுகர்," என்றேன்.

ஏப்ரன் கட்டியிருந்த ஒரு பெரிய மனிதர் நாற்காலி பின்னால் சாய எழுந்தார். ஓர் இளம்பெண் மேசையிலிருந்த பழச்சாறு ஜாடியையும் தேன் பாட்டிலையும் தூக்கிக்கொண்டாள். என்ன, ஏது, நீ யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்கு முன்னால் அவர்கள் ஓடினார்கள்.

என் கணவர் பெஞ்சில் சரிந்து கிடந்தார். விழுங்க முடிந்தது, அது போதும். அந்தப் பெரியவர் என் கணவரின் தலையைத் தன் தோளில் சாய்த்துப் பிடித்துக்கொள்ள, நான் மடக்கு மடக்காகச் சாற்றைக் கொடுத்தேன். அந்தப் பெண் தேனில் விரலை முக்கி அவர் உதட்டில் தடவினாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. எனக்குத் தெரிந்த எல்லாச் சாமியையும் கூப்பிட்டு முடித்திருந்தேன். அவர் கண்ணைத் திறந்து, தன்னைத் தாங்கியிருந்தவரின் மீசையைப் பார்த்துவிட்டு, என்னைப் பார்த்தார்.

"இவரு யாரு?"

நான் ஓவென்று அழுதுவிட்டேன். சிரிப்பும் கூடவே வந்தது. அவர்களுக்கும் புரிந்துவிட்டது போல. மூன்று பேரும் சிரித்தோம்.

நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பலாம் என்று பார்த்தால் விடவில்லை. அந்தப் பெண்ணுக்குக் கொஞ்சம் ஆங்கிலம் வந்தது. இவர் இன்னும் சாப்பிடவில்லையே, எப்படி அனுப்புவது என்றாள். சைக்கிள்களைத் தள்ளிக்கொண்டு வந்து பந்தலுக்குள் நிறுத்திவிட்டு, எங்களையும் மேசையில் நெருக்கி உட்காரவைத்தார்கள். ரொட்டி வந்தது, அவரை விதை போட்டு வேகவைத்த கோழி வந்தது, கீரை வந்தது. முடிந்தது என்று நினைத்தால் பாலாடைக்கட்டி, அதன் பிறகு பழம். அவர்கள் வாயும் ஓயவில்லை, மேசையும் ஓயவில்லை. என் கணவர் நிறம் திரும்பி, எதிரே இருந்தவருக்குக் கையாலேயே ரொட்டி சானாய் வீசிக் காட்டிக்கொண்டிருந்தார். பக்கத்திலிருந்த தண்ணீர்க் குவளை கவிழ்ந்தது. மேசையே கைதட்டியது.

எனக்குச் சும்மா உட்கார்ந்து சாப்பிட்டுப் பழக்கமில்லை. கடையில் எல்லாரும் சாப்பிட்ட பிறகு நின்றபடி இரண்டு வாய் போட்டுக்கொள்வேன். அதனால் எழுந்து காலித் தட்டுகளை அடுக்க ஆரம்பித்தேன். அந்த வீட்டு அம்மா வந்து தட்டுகளை என் கையிலிருந்து வாங்கினார். தோளைப் பிடித்து மறுபடி உட்காரவைத்தார். என் தட்டு காலியாக இருப்பதைப் பார்த்து, வேண்டுமா என்று கேட்காமலேயே இன்னும் ஒரு கரண்டி கோழியை வைத்தார். நான் குனிந்துகொண்டு சாப்பிட்டேன். கண்ணீர் விழுந்ததை அந்த அம்மா பார்த்திருப்பார். பார்க்காத மாதிரி ரொட்டியை என் பக்கம் நகர்த்தினார்.

வெயில் சாயும் நேரத்தில், பை நிறைய ரொட்டியும் பழமும் திணித்து அனுப்பினார்கள். அடுத்த விடுதி வரை அந்தப் பெண் தன் சைக்கிளில் கூடவே வந்து விட்டுப் போனாள். மிச்சம் இருந்த நாட்களில் நாங்கள் ஒரு மதகையும் விடவில்லை, வழியில் என் கணவர் அதிகாரமாக, "ரொட்டி எடுத்தியா?" என்று கேட்பார், நானும் பையைத் திறந்து காட்டுவேன்.

எத்தனையோ பேருக்குச் சோறு போட்டிருக்கிறேன். கேட்டு வருகிறவர்களுக்கு இல்லை என்று சொன்னதில்லை என்று அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு. ஆனால் கேட்க ஒரு கையைத் தூக்குவது எவ்வளவு கனம் என்று அந்த மேசைக்கு முன்னால் நின்றபோதுதான் தெரிந்தது. அங்கே நான் ஒரே ஒரு தடவைதான் கேட்டேன். அதன் பிறகு அவர்கள் என்னைக் கேட்கவே விடவில்லை. இப்போது எங்கள் கடை வாசலில் யாராவது தயங்கி நின்றால், அவர்கள் கை வாய்வரை எழுவதற்குள் இலையைப் போட்டுவிட வேண்டும் என்று என் கால்கள் தாமாகவே ஓடுகின்றன.