பத்து மாதப் பயிர்

தர்மபுரியில் பஸ் ஏறியபோது, பக்கத்து சீட் அம்மாவின் மடியில் ஸ்கேன் கவர் இருந்தது. காலடியில் நடுவதற்கான மரவள்ளிக் குச்சிக் கட்டு. ஐம்பது வயதிருக்கும். மருந்தில் முடி கொட்டிய தலையைத் துண்டால் மூடியிருந்தார். விரல் கணுக்களில் மாதங்களை எண்ணுவதும், பாதியில் நிறுத்தி மறுபடி முதலிலிருந்து தொடங்குவதுமாக இருந்தார்.

“நடவுக்கா அக்கா?” என்றேன்.

“ஆமா கண்ணு. கேன்சர்னு சொன்னதுலருந்து வூட்டுல படுத்தே கெடந்தேன். எந்திரிச்சு ஏதாச்சும் செய்யுங்கன்னு டாக்டரம்மா சொன்னாங்க. கீரை மட்டுந்தான் போட்டேன். இருபத்தஞ்சு நாள்ல பறிச்சிரலாம். இது பத்து மாசம். அதுவரைக்கும் நான் இருப்பனா?”

“மழை பெஞ்சிருக்கே, நடுங்கக்கா” என்றேன்.

பாப்பாரப்பட்டிக்கு முந்தைய நிறுத்தத்தில் அவசரமாக இறங்கினார். கட்டு பஸ்ஸிலேயே கிடந்தது. நான் சத்தம் போட்டதும் கண்டக்டர் அதைத் தூக்கிக் கொடுத்தார். “புடிங்கக்கா, பஸ்லயே மொளச்சிரப் போவுது!”

அவர் சிரிக்கவில்லை. “மறந்துட்டேன்” என்று இரு கைகளாலும் வாங்கிக்கொண்டார்.

கவரை அவர் மறக்கவில்லை. வழியெல்லாம் காலை இடித்துக்கொண்டிருந்த கட்டை மறந்தாரா, விட்டுவிட்டுப் போனாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.