மாடியும் தரையும்

அப்பாவும் மகளும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, பூனைக்கு மாத்திரை கொடுத்தது. ஞாயிற்றுக்கிழமை, காலை எட்டு மணி. மகள் பூனையைப் பழைய துண்டில் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டாள். அப்பா அதன் வாயைத் திறந்து, பாதி மாத்திரையை உள்நாக்கு வரைக்கும் தள்ளி, தொண்டையை இரண்டு தடவை நீவிவிட்டார்.

"என்ன பிடி இது, பட்டறை வைஸ்ல இறுக்கி மாட்டின மாதிரி? மூச்சு விடட்டும் பாப்பா, பாவம்."

"விட்டா ஓடிடும்ப்பா."

"எங்க ஓடிடும்? மிஞ்சிப்போனா கட்டிலுக்கு அடியில. பேரே தரை ஆச்சே!"

அப்பா லிஃப்ட் மெக்கானிக். ஆறு வருடத்துக்கு முன்னால் ஓர் அலுவலகக் கட்டடத்தின் உச்சியில், லிஃப்ட் மோட்டாருக்குப் பக்கத்தில் இரண்டு குட்டிகள் கிடந்தன. தாயைக் காணோம். ஸ்பானர்களைச் சட்டைப்பையிலும் கால்சட்டைப்பையிலும் திணித்துக்கொண்டு, கருவிப்பையில் குட்டிகளைப் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

"ரிப்பேர் வேலையை வீட்டுக்குக் கொண்டுவராதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?" என்றாள் அம்மா. சொல்லிவிட்டுப் பாலை எடுத்து வைத்தாள்.

இரண்டும் பெண். சாம்பல் நிறம், மஞ்சள் கண், ஒரே அச்சு. ஒன்று வந்த அன்றைக்கே திரைச்சீலையைப் பிடித்து அலமாரி உச்சிக்கு ஏறிவிட்டது. இன்னொன்று கட்டிலுக்கு அடியில் போய் ஒடுங்கிக்கொண்டது. அப்பா மேலே பார்த்தார், கீழே பார்த்தார். "இவ மாடி, இவ தரை" என்றார். பெயர் அப்படியே நின்றுவிட்டது.

மாடி, யார் வந்தாலும் தோளில் குதிக்கும். தண்ணீர் மானி பார்க்க வந்தவர் ஒருமுறை அலறியடித்துக்கொண்டு தெருவுக்கே ஓடினார். தரை, அழைப்பு மணி கேட்டாலே மாயமாகிவிடும். அந்த வீட்டில் ஒரு பூனைதான் இருக்கிறது என்று பாதி உறவுக்காரர்கள் நினைத்திருந்தார்கள். அப்பா கூப்பிட்டால் மட்டும் வரும். அவருடைய செருப்பின் மேல் தலையை வைத்துப் படுத்துக்கொள்ளும்.

எது எது என்று மற்றவர்களுக்கு இடத்தை வைத்துத்தான் தெரியும். அப்பாவுக்கு இடம் தேவைப்படவில்லை.

"எப்படிப்பா கண்டுபிடிக்கிறீங்க?"

"ரெண்டு லிஃப்ட்டும் ஒரே கம்பெனிதான். ஓடுற சத்தம் ஒண்ணாவா இருக்கும்?"

தரைக்கு நாலு வயதில் வலிப்பு வந்தது. காலையும் மாலையும் பாதி மாத்திரை. இடையில் நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அதற்குப் பிறகு அப்பா வெளியூர்க் கல்யாணம் எதற்கும் போகவில்லை. "பூனைகிட்ட பேசுறதுல பாதி எங்கிட்ட பேசியிருந்தா நான் ராணி" என்பாள் அம்மா.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த வெள்ளிக்கிழமை, வேலை முடிந்து அப்பா பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்தார். கருவிப்பை மடியில் இருந்தது. எழுந்திருக்கவில்லை.

மகள் இரண்டு மணி நேரத் தொலைவில் வேலை பார்க்கிறாள். அழுத்தமானிகள் சரியாகக் காட்டுகின்றனவா என்று சோதிக்கும் வேலை. விடுப்பு எடுத்துக்கொண்டு அன்று இரவே வந்தாள். வீடு நிறைய ஆட்கள் இருந்த அன்றைக்கும் கட்டிலுக்கு அடியில் கையை விட்டுப் பூனையை இழுத்து மாத்திரையைக் கொடுத்தாள். சமையலறை ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு கட்டத்தாளை ஒட்டினாள். தேதி, காலை, மாலை. ஒரு கட்டமும் காலியாக இல்லை. அப்பா விட்டுப்போனதில் அவளால் தொடர்ந்து செய்ய முடிந்தது அது ஒன்றுதான்.

அலமாரி மேல் இருந்த பூனை, ஜன்னல் வழியாக வெளிவாசலையே பார்த்துக்கொண்டிருந்தது.

"மாடி இப்படி ஒரே இடத்துல இருக்காதேடி" என்றாள் அம்மா.

"அப்பாவைத் தேடுதும்மா."

"தரை என்னடான்னா எந்நேரமும் தூக்கம்."

"அதுக்கும் துக்கம் இருக்காதா?"

அப்பா போய் ஒன்பது நாள் ஆன மத்தியானம் அலமாரி மேலிருந்து பூனை விழுந்தது. கால்கள் விறைத்து வெட்டி இழுத்தன. வாயில் நுரை. "மாடிக்கும் வந்துடுச்சு!" என்று அம்மா கத்தினாள். துண்டில் சுருட்டிக்கொண்டு ஓடினார்கள். வண்டியில் ஒருமுறை, மருத்துவரின் மேசையில் ஒருமுறை. ஊசி போட்டும் நிற்கவில்லை. மூன்று மணி பத்து நிமிடத்துக்கு உடம்பு தளர்ந்து மூச்சு நின்றது.

மருத்துவர் அதன் உதட்டை விலக்கிப் பார்த்தார்.

"மாத்திரையை எப்பம்மா நிறுத்துனீங்க?"

"இது மாடி, டாக்டர். இதுக்கு மாத்திரை கிடையாது."

"மேல் பல்லு ஒண்ணு நான்தான் பிடுங்கினேன். இது தரை."

மகள் குறுக்கிட்டாள். "வீட்ல தரை இருக்கே. தினமும் ரெண்டு வேளை குடுக்கிறேனே."

"நல்லா இருக்கிற பூனைக்கு அதைக் குடுத்தா மயங்கித்தாம்மா கிடக்கும்."

அப்பா போன அன்றே மாடி கட்டிலுக்கு அடியில் புகுந்திருக்கிறது. அவர் வருகிறாரா என்று பார்க்கத் தரை அலமாரி ஏறியிருக்கிறது. மகள் பூனையைப் பார்க்கவில்லை, இடத்தைத்தான் பார்த்தாள். மாத்திரை மாடியைத் தூங்கவைத்தது. அது தூங்கத் தூங்க, அதுதான் தரை என்று அவள் நம்பினாள். ஒரு மானியைச் சோதிக்க அதே மானியை நம்பக்கூடாது என்பது அவள் தொழிலில் முதல் நாள் சொல்லித்தருவது.

"உனக்கும்தானே அப்பா போயிட்டாரு" என்றாள் அம்மா, திரும்பி வரும்போது. "நீ எதைன்னு பார்ப்பே?"

"பதினெட்டு வேளைம்மா. ஒரு வேளை கூட மூஞ்சியைப் பார்க்கல."

அம்மா காலியான துண்டை மடித்து மடித்து நீவிக்கொண்டே வந்தாள்.

மாடிக்கு மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். மறுநாள் பழைய மருந்துச் சீட்டைத் தேடி மகள் அப்பாவின் வேலைச் சட்டைப்பையில் கைவிட்டாள். சின்னக் குறிப்பேடு ஒன்று கிடைத்தது. கடைசிப் பக்கத்தில் வாங்க வேண்டியவை இருந்தன. குழாய் வாஷர். அம்மா கண்ணாடிக்குத் திருகு. கதவுக்கு எண்ணெய். வாங்கியதும் ஒவ்வொன்றாக அடித்திருந்தார்.

கடைசி வரியை அடிக்கவில்லை.

கழுத்துப்பட்டை 2. தரைக்குச் சிவப்பு, 22 செ.மீ. மாடிக்கு நீலம், 24 செ.மீ. அம்மாவுக்கும் பாப்பாவுக்கும் அடையாளம் தெரிய.