ஸ்கைலாபுக்குப் பயந்து கொடுத்த சாவி

வானத்திலிருந்து இரும்பு விழப்போகிறது என்று ஊர் உலகமெல்லாம் பேசிக்கொண்டிருந்த அந்த ஆனி மாதத்தில், அதனால் வீடு இழந்த குடும்பம் எனக்குத் தெரிந்து எங்களுடையது ஒன்றுதான். இரும்பு எங்கள் மேல் விழவில்லை.

எனக்கு ஒன்பது வயது. சிலோனிலிருந்து கப்பலேறி வந்து மூன்று வருடமாகியிருந்தது. முகாமில் சில மாதம், பிறகு கோத்தகிரிப் பக்கம் ஒருவருடைய மாட்டுக்கொட்டகையில் ஒரு வருடம். அதற்கப்புறம்தான் அரவேணுவுக்குக் கீழே ஒரு எஸ்டேட்டில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் வேலையும், லைனில் கடைசி அறையும் கிடைத்தன. இங்கே எல்லோரும் லைன் என்பார்கள். அப்பாவுக்கு அது லயம். கடைசி அறை தொங்கல் காம்பரா. மழைக்காலத்தில் ஒரு பக்கச் சுவர் முழுக்க ஈரம் ஊறும். ஆனால் கதவு இருந்தது, கதவுக்குப் பூட்டு இருந்தது. சாவியை அம்மா தாலிக்கயிற்றிலேயே கோத்துப் போட்டிருந்தாள்.

எங்கள் லைனில் தமிழ் எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரிந்தது நான் ஒருத்திதான். பள்ளிக்கூடத்தில் என்னைச் சிலோன்காரி என்று கடைசி பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். லைனில் நிலைமை வேறு. டீக்கடையிலிருந்து அப்பா பழைய பேப்பர் வாங்கிவருவார். குழாயடிக் கல்மேல் ஏறி நின்று நான் வாசிப்பேன். பெரியவர்கள் வாயைத் திறக்காமல் கேட்பார்கள். அடுத்த அறை மாமா, அவரும் எங்களோடு ஒரே கப்பலில் வந்தவர், எனக்கு ஒரு முறுக்கு தருவார்.

அந்தச் செய்தியையும் அப்படித்தான் வாசித்தேன். ஸ்கைலாப் என்பது அமெரிக்காக்காரர்கள் மேலே கட்டிவைத்த வீடு. ஆட்கள் தங்கிவிட்டு இறங்கிவிட்டார்கள். வீடு வருடக்கணக்கில் காலியாகச் சுற்றிக்கொண்டிருந்தது. இப்போது விழப்போகிறது. எங்கே விழும் என்று சொல்ல முடியாது.

"நம்ம பக்கம் போட்டிருக்கா, புள்ள?" என்று அப்பா கேட்டார்.

"எங்க விழும்னே தெரியலையாம்ப்பா."

"அப்ப நமக்கில்ல. அதுக்குமா நம்ம அட்ரஸ் தெரியும்?" என்று மாமா வேட்டியை உதறிக்கொண்டு எழுந்தார். நாலைந்து பேர் சிரித்துக்கொண்டு எழுந்தார்கள். முறுக்கு இன்னும் அவர் மடியில்தான் இருந்தது.

நான் பேப்பரைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய், "நீலகிரி மலைப் பக்கமும் விழலாம் என்று கூறப்படுகிறது," என்று வாசித்தேன். பேப்பர் தமிழிலேயே சொன்னேன். எழுந்தவர்கள் உட்கார்ந்தார்கள்.

பயந்த மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். எப்படியும் சாகப்போகிறோமே என்று கோழி அடித்துத் தின்றவர்கள் உண்டு. கோயிலில் போய்ப் படுத்தவர்கள் உண்டு. அப்பா டிரங்குப் பெட்டியை இறக்கினார். பெரிதாக ஏதாவது நடந்தால் அரசாங்கம் ஆட்களை ஓரிடத்திலிருந்து எடுத்து இன்னோரிடத்தில் போடும் என்பதுதான் அவர் வாழ்க்கையில் கண்டது. அதற்குப் பதிவு உண்டு, வரிசை உண்டு. முகாமில் கடைசியாகப் பதிந்ததால்தான் எங்களுக்கு மாட்டுக்கொட்டகை என்பது அவர் கணக்கு. இந்தத் தடவை முதல் ஆளாக நிற்க வேண்டும்.

"வானத்துல இருந்து விழுறதுக்கெல்லாமா சாவி குடுப்பாங்க?" என்றாள் அம்மா.

"லயத்த ஒப்படைக்காம எந்த ஊர்லடி துண்டுச் சீட்டு குடுத்தான்? துண்டு இல்லாட்டி கப்பல்ல ஏத்தினானா?"

அம்மா சாவியைக் கழற்றினாள். மாமா மட்டும், "நீ போய் வாங்கு. குடுக்கிறாங்கன்னா நாங்களும் வாறோம்," என்றார்.

காலையில் பெட்டி, தம்பி, பழைய குடும்ப அட்டை சகிதம் ஆபீஸ் வாசலில் நின்றோம். எனக்கு மறுபடி ரயிலேறப் போகிற குஷி. எஸ்டேட் ரைட்டர் சமவெளிக்காரர், யாரையும் வாங்க போங்க என்றுதான் பேசுவார்.

"ஏனுங்க, பெட்டியெல்லாம் எடுத்துட்டு எங்கீங்க கிளம்பீட்டீங்க?"

"நாலு பேருங்கய்யா. சாவி இந்தாங்க. பதிஞ்சிக்கிட்டுத் துண்டு குடுத்தீங்கன்னா நல்லது."

ரைட்டர் சாவியைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். அவர் அக்கா மகன் கல்யாணமாகி இடமில்லாமல் அவர் வீட்டிலேயே தங்கியிருந்தது எல்லோருக்கும் தெரியும். ஒன்றும் கேட்காமல் ஒரு தாளில் எழுதி, மைப்பெட்டியைத் திறந்து வைத்தார்.

"என்ன போட்டிருக்கு, வாசி," என்றார் அப்பா என்னிடம்.

"எனது சொந்த விருப்பத்தின் பேரில் வேலையை விட்டு நின்று, வீட்டைக் காலி செய்து ஒப்படைக்கிறேன்." ஒரு இடத்திலும் திக்கவில்லை.

அப்பா தலையாட்டினார். "அங்கயும் இப்படித்தான் எழுதினாங்க," என்று சொல்லிக் கட்டைவிரலை வைத்தார்.

இரண்டு நாள் அந்த வாசலிலேயே, பெட்டிமேல் உட்கார்ந்து லாரிக்காகக் காத்திருந்தோம். மூன்றாம் நாள் ரேடியோவில் சொன்னார்கள்: ஸ்கைலாப் கடலிலும், ஆஸ்திரேலியாவில் ஆளில்லாத காட்டிலும் விழுந்துவிட்டது. அப்பா சிரித்த முகமாகத்தான் ஆபீசுக்குள் போனார். நானும் கூடப் போனேன். அன்று காலை குழாயடிக்குத் தண்ணீர் பிடிக்கப் போனபோது, தொங்கல் காம்பராக் கூரையில் புகை வந்துகொண்டிருந்ததை இருவருமே பார்த்திருந்தோம்.

விழுகிற இரும்புக்கு, அதை ஏற்றிய நாடுதான் பொறுப்பு என்று நாடுகளுக்குள் ஒப்பந்தம் இருக்கிறதாம். பல வருடம் கழித்து, திருப்பூரில் பனியன் மூட்டைக்கு நடுவே கிடந்த பேப்பரில் வாசித்தேன். எங்களை ஏற்றி அனுப்பவும் இரண்டு நாடுகள் ஒப்பந்தம் போட்டுத்தான் இருந்தன. எங்கே விழுவோம் என்று அதில் எழுதியிருந்ததா தெரியவில்லை. அதற்குள் நான் வால்பாறை, மூணாறு, திருப்பூர் என்று ஏழெட்டு ஊரில் விழுந்து எழுந்திருந்தேன். அப்பா வாளையாரில் ஒரு செங்கல் சூளையில் இறந்தார். பூட்டுள்ள கதவு அவருக்கு அப்புறம் வாய்க்கவில்லை.

அன்று அப்பா சாவியைத் திரும்பக் கேட்டதும் ரைட்டர் தாளை எடுத்துக் காட்டி, "இது உங்க கைநாட்டுத்தானுங்களே? உங்களைப் போகச் சொன்னது ஆருங்க?" என்றார்.

"இந்த மலையில விழும்னு பேப்பர்ல போட்டிருந்துச்சிங்கய்யா."

"நானும் தினம் பேப்பர் படிக்கிறனுங்க. எதுலயும் அப்படிப் போடலையே. ஆருங்க படிச்சுச் சொன்னது?"

அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு ரைட்டரிடம், "கடைத்தெருவுல யாரோ சொன்னாங்கய்யா. நமக்கு வாசிக்கத் தெரியாதுல்ல," என்றார்.

வெளியே வந்து பெட்டியைத் தலையில் தூக்கினார். நான் தம்பி கையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தேன். நல்லவேளை, வாசித்தது நான்தான் என்பதை அப்பா மறந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.