லேபிளில் குங்குமம்

அன்று அந்தப் பழைய இசைத்தட்டுக் கடையில் அம்மாவும் தங்கையும் நானும் இருந்தோம், கடைக்காரரும் இருந்தார். அப்பா இல்லை. துறைமுகத்துக் கிடங்கில் அவருக்குச் சனிக்கிழமையும் வேலை. நாங்கள் தேடிப் போன தட்டில் பாடிய பாடகியும் இல்லை. அவர் எங்கே இருக்கிறார் என்று நான் கேட்ட எவருக்கும் தெரியவில்லை.

அவரும் எங்களைப் போலக் கனடாவின் மொன்றியல் நகரத்துக்காரர்தான். அறுபதுகளில், பக்கத்துக்கு ஒரு பாட்டாக, நான்கே நான்கு சின்னத் தட்டுகள் பாடிக் கொடுத்த கறுப்பினப் பெண். சோல் என்கிற, கறுப்பின மக்களின் உருக்கமான பாட்டு வகை. ஆங்கிலத்தில் பாடியதால் பிரெஞ்சு வானொலி போடவில்லை. உள்ளூர்க்காரர் என்பதால் ஆங்கில வானொலி மதிக்கவில்லை. பல்கலைக்கழக வானொலியில் ஒருநாள் தற்செயலாகக் கேட்டேன். எங்கள் வீட்டில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். போன இடத்தில் படிப்போடு இந்தப் பைத்தியமும் பிடித்துக்கொண்டது. தேவாலயச் சந்தைகளில் பெட்டி பெட்டியாகக் கிளறி மூன்றைச் சேர்த்துவிட்டேன். நான்காவது இந்தக் கடையில் இருந்தது.

இரண்டாவது தட்டில் என்னிடம் இரண்டு பிரதிகள் இருந்தன. அதில் நல்லதைக் கொடுத்தால் நான்காவதைத் தருவதாகக் கடைக்காரர் ஒத்துக்கொண்டிருந்தார். காசு வேண்டாம். தட்டின் நடுவில் ஒட்டிய லேபிள் மட்டும் சுத்தமாக இருக்க வேண்டும்.

எனக்குப் பனியில் போட்டு நடக்கக் குளிர்ச் சப்பாத்து வாங்கப் புறப்பட்டிருந்தோம். போகிற வழியில் தட்டை மாற்றிவிடலாம் என்று எல்லாரும் கடைக்குள் நுழைந்தோம். கடைக்காரர் உறையிலிருந்து என் தட்டை உருவினார். லேபிளில், பாடகியின் பெயருக்கு மேலே, சந்தனமும் குங்குமமுமாக ஒரு பொட்டு.

“அம்மா!”

“ஏன்ரா கத்துறாய்? முக்கியமான அலுவல் எண்டு நீதானே சொன்னாய். நேற்று வெள்ளிக்கிழமை. விளக்கு வைக்கேக்க அதுக்கும் வைச்சன்.”

எங்கள் குளிர்சாதனப் பெட்டிக்கும் என் பரீட்சைப் பேனைக்கும் பொட்டு வைத்தவர் அவர்.

கடைக்காரர் விரலால் துடைத்துப் பார்த்தார். குங்குமம் தாளில் இன்னும் பரவியது. பிரெஞ்சில் நீளமாக ஏதோ சொன்னார். என்னுடையது பாடப்புத்தகப் பிரெஞ்சு. இங்கேயே பள்ளிக்கூடம் போகிற தங்கைதான் எங்களுக்கு மொழிபெயர்ப்பு.

“அண்ணா, மாத்த ஏலாதாம். வேணுமெண்டா நாப்பது டொலராம். பின்னேரம் ரொறன்ரோவில இருந்து ஒராள் வாறாராம், அவர் கட்டாயம் எடுப்பாராம்.”

என்னிடம் எட்டு டொலர் இருந்தது.

“பொட்டு லேபிளிலதானே கிடக்கு, பாட்டிலயோ? கேள் பிள்ளை,” என்றார் அம்மா.

தங்கை கேட்டாள். கடைக்காரர் சிரித்துவிட்டார். ஆனாலும் மாட்டேன் என்று தலையாட்டினார்.

“அப்ப அந்தத் தட்டைப் போடச் சொல்லு. நாப்பது டொலர்ச் சாமானைக் கேளாமல் வாங்கிறதோ?”

ஊசி இறங்கியது. முதலில் கரகரப்பு, பிறகு ஓர்கன் வாத்தியம், பிறகு அந்தக் குரல். மற்ற மூன்றிலும் துள்ளிப் பாடியவர் இதில் அவசரமே படவில்லை.

“என்ன சொல்லுது மனுசி?” என்றார் அம்மா.

“வேலை முடிஞ்சு பஸ்ஸுக்கு நிக்கிறாவாம். பஸ் பிந்தினாலும் பரவாயில்லையாம், வீட்டில லைற் எரியுமாம்.” ஆங்கிலப் பாட்டு என்பதால் இந்த முறை நான் மொழிபெயர்த்தேன்.

அம்மா தையல் தொழிற்சாலையிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவர். கைப்பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு கடைசிவரை கேட்டார்.

“மூச்செடுக்கிறதும் கேக்குது. உண்மையா வேலை செய்து களைச்ச ஆள்தான்,” என்றவர் பையைத் திறந்து சப்பாத்துக் காசை எடுத்தார். “இருவத்தஞ்சு எண்டு சொல்லு.”

“அம்மா, இது மரக்கறிக் கடை இல்லை!” என்றேன்.

“எல்லாம் கடைதான். சொல்லு.”

முப்பதில் வந்து நின்றது.

“அப்ப சப்பாத்து?” என்றேன்.

“பேந்து பாப்பம். இன்னும் ஸ்னோ விழேல்லைத்தானே.”

பின்னேரம் அப்பா வந்ததும் வாசலிலேயே தங்கை எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அப்பா வேலை உடுப்பை மாற்றிச் சாரம் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

“போடு பாப்பம், உந்தச் சப்பாத்தை.”

தட்டைப் போட்டேன். கண்ணை மூடிக் கேட்டார். முடிந்ததும் நான் தட்டை எடுக்கப் போக, “மற்றப் பக்கத்தையும் போடு. ரெண்டு பக்கத்துக்கும்தானே காசு குடுத்தது,” என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை அம்மா புதிதாக வாங்கிய தட்டுக்கும் பொட்டு வைத்தார், இந்த முறை உறையில். பொட்டு வைத்த மற்றத் தட்டும் எங்களிடமே இருக்கிறது. அந்தக் குளிர்காலம் அப்பாவின் பழைய சப்பாத்துக்குள் இரண்டு சோடி காலுறை போட்டுச் சமாளித்தேன். ஆக, நான்கு தட்டும் வீட்டுக்கு வந்து சேர எங்களுக்குக் கடைசியாக ஆன செலவு, தேவாலயச் சந்தைகளில் கொடுத்த சில்லறை நீங்கலாக, முப்பது டொலர்.