கீழ்வீட்டில் பெய்த எங்கள் ஷவர்

போன மாதம் கொஞ்ச நாள் எங்கள் வீட்டில் யாரும் குளிக்கவில்லை. முகம் சுளிக்காதீர்கள்... குளித்தோம். எங்கள் வீட்டில் குளிக்கவில்லை, அவ்வளவுதான்.

எல்லாம் அந்த பாத்டப்பால் வந்தது. மாமல்லபுரத்துக்குச் சற்று வெளியே, ஈ.சி.ஆர். ரோடு வந்தபிறகு முளைத்த அபார்ட்மென்ட் எங்களுடையது. முதல் மாடி. கடல் பக்கத்தில் இருந்தால் பாத்டப் இருந்தே ஆகவேண்டும் என்று பில்டருக்கு யார் சொன்னார்களோ, தெரியாது. விடிந்ததும் ஆபீஸ் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற வீட்டில், அதில் ஊறிக்கொண்டிருக்க யாருக்கு நேரம்? உள்ளே நின்றுகொண்டு ஷவரில் குளிப்போம். தண்ணீர் சுவரில் அடித்து, டப்பும் டைல்ஸும் சேருகிற விளிம்பில் வழிந்து, அங்கிருந்த விரிசலுக்குள் சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது.

எங்கே இறங்கியது? கீழ்வீட்டுக்கு.

கீழ்வீட்டு தேவகி அக்காவுக்குச் சொந்த ஊர் மதுராந்தகம் பக்கம். மகள் கவிதா பிரசவத்துக்கு வந்திருந்தாள். அவளுக்கென்று ஒதுக்கிய அறைக்கும் பாத்ரூமுக்கும் ஒரே சுவர். அந்தச் சுவர் முழுக்க ஈரம், பூஞ்சை வாடை.

"இன்னாம்மா இது, நீங்க குளிச்சா எங்க வூட்ல மழ பேயுது," என்றார் முதல் தடவை. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். என் கணவர் ரவி உடனே கடைக்குப் போய் சிலிகான் டியூப் ஒன்று வாங்கிவந்து விளிம்பெல்லாம் பூசினார். டூத்பேஸ்ட் மாதிரி வெள்ளையாக, அழகாக வந்தது. வாரம் திரும்புவதற்குள் கீழே மறுபடி மழை. மறுபடி பூசினார். மறுபடி...

அடுத்த தடவை அக்கா சிரிக்கவில்லை.

"பொறக்கப்போற பச்சப்புள்ளய இந்த ஈரத்துல எப்டி படுக்க வெக்கிறது? உங்களால முடியலன்னா சொல்லிடுங்க. நான் வேற வூடு பாத்துக்கினு போறேன்."

அதன்பிறகு படிக்கட்டில் எதிர்ப்பட்டால் பேச்சில்லை. அந்த மௌனம் இருக்கிறதே — அதற்கு நாலு திட்டு திட்டியிருந்தால் தேவலை.

கொத்தனார் ஏழுமலையை வரவழைத்தோம். டப்பை ஒட்டியிருந்த டைல்ஸை விரலை மடக்கித் தட்டினார். பொத்... பொத்... என்றது.

"உள்ள தண்ணி பூந்து சிமெண்ட் வுட்டுப்போச்சு சார். மேல பூசினா நிக்காது. கீழ் வரிசைய எடுத்துட்டு, செவுத்த காயவுட்டு, புதுசா ஒட்டணும்."

"டைல்ஸ் உடையாம எடுத்துடலாம் இல்ல?" என்றார் ரவி.

"பாக்கலாம் சார்."

முதல் டைலே துண்டு துண்டாகத்தான் வந்தது. பின்னாலிருந்த சுவர், டீயில் முக்கிய பிஸ்கட் போல. தொட்டால் உதிர்ந்தது.

அதே டிசைனைத் தேடி செங்கல்பட்டில் கடை கடையாக ஏறி இறங்கினோம். "அது நின்னுபோச்சு மேடம்," என்றே எல்லாரும் சொன்னார்கள். கடைசியில் கிடைத்தது இங்க் நீலம். எங்கள் சுவரோ ரோஸ்.

அதைவிடப் பெரிய சிக்கல் — சுவர் காயும்வரை அங்கே தண்ணீர் படக்கூடாது. டாய்லெட் தனி, குளிக்க அந்த ஒரு அறைதான். என்ன செய்வது என்று விழித்துக்கொண்டிருந்தபோது வாசலில் தேவகி அக்கா. இடிக்கிற சத்தம் கேட்டு வந்திருக்கிறார். பெயர்த்த சுவரை எட்டிப் பார்த்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"குளிக்க எங்க போவீங்க?"

"பாக்கணும்க்கா."

"இதுல பாக்கறதுக்கு இன்னா கீது. கீழ வாங்க. ஹீட்டர் போட்டு வெக்கிறேன்."

சொல்லிவிட்டு விறுவிறுவென்று இறங்கிப் போய்விட்டார்.

மறுநாள் துண்டும் சோப்பு டப்பாவுமாகப் படியிறங்கினேன். நனைத்து நாசமாக்கிய வீட்டுக்கே குளிக்கப் போவது எப்படி இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? கவிதாதான் கதவைத் திறந்தாள். அக்கா அடுப்படியில் இருந்தார். திரும்பவில்லை.

தலைக்குச் சீயக்காய் தேய்த்துக் குனிந்திருக்கிறேன், முதுகில் சில்லென்று ஒரு சொட்டு. நிமிர்ந்தேன். சீலிங்கில் பழுப்பாகப் பெரிய திட்டு. பூச்சு உரிந்து தொங்குகிறது. அடுத்த சொட்டு நெற்றியில். என்னையும் அறியாமல் கத்திவிட்டேன்.

"இன்னா ஆச்சு? வழுக்கிச்சா?" கதவுக்கு வெளியே அக்காவின் பதற்றமான குரல்.

"இல்லக்கா... எங்க வீட்டுப் பழைய தண்ணி என் மேலயே சொட்டுது."

கதவுக்கு வெளியே சிரிப்பு. கவிதாவும் சேர்ந்துகொண்டாள். "ஏய், நீ சிரிக்காதடி, வவுறு குலுங்குது," என்று அவளை அடக்கிக்கொண்டே அக்கா சிரித்தார். நான் வெளியே வந்தபோது டேபிளில் இட்லி இருந்தது.

"ஒக்காரு," என்றார். உட்காருங்கள் இல்லை. ஒக்காரு. தலையில் சுற்றிய துண்டோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

சுவர் ஒருவழியாகக் காய்ந்தது. நீல டைல்ஸ் ஏறின. சிலிகான் பூசுவதற்கு முன் டப் நிறையத் தண்ணீர் பிடிக்கச் சொன்னார் ஏழுமலை. தண்ணீர் கனத்தில் டப் அமுங்கவேண்டியது இப்போதே அமுங்கிவிட்டால், பிற்பாடு பூச்சு பிளந்துகொள்ளாதாம். எல்லாம் காய்ந்தபின் பரீட்சை. மேலே ரவி ஷவரைத் திறக்க, கீழே கவிதா டார்ச்சோடு சீலிங்கைப் பார்க்க, ஜன்னல் வழியாக அக்காவின் குரல்: "வர்ல... வர்ல... நல்லா தொறந்து வுடுங்க... வர்ல."

அந்த "வர்ல"வைப் போல இனிமையான சொல்லை நான் சமீபத்தில் கேட்டதில்லை.

கவிதாவுக்குப் பெண் குழந்தை. புதுசாகப் பெயிண்ட் அடித்த அறையில் பகலெல்லாம் நன்றாகத் தூங்குகிறது, ராத்திரியெல்லாம் அழுகிறது. கீழேயிருந்து அந்தச் சத்தம் எங்கள் படுக்கையறைக்கு அப்படியே ஏறிவருகிறது.

நாங்கள் வாயே திறப்பதில்லை.