முன்தண்டில் இரண்டாவது இடம்

துறைமுகத்தில் இருபத்தாறு வருஷம் மூட்டை சுமந்த லோகநாதனுக்கு, 2003-ல் முதுகெலும்பைப் படம் எடுத்தார்கள். எலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்க வேண்டிய டிஸ்க் காய்ந்து தேய்ந்து கிடந்தது. அதற்கு ரத்த ஓட்டம் ரொம்பக் குறைவு, தானாக ஆறாது என்றார் டாக்டர். உயிரணுக்களை ஊசியால் செலுத்தி அதை மறுபடி வளர்க்க ஆராய்ச்சி நடக்கிறதாம்.

"எப்ப சார் வரும்?"

"பத்து வருஷம் ஆகலாம். வராமலும் போகலாம்."

லோகநாதன் முதல் பாதியை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தார். "ஊசி வருது, வந்து தோள் குடுக்கறேன்" என்று காலடிப்பேட்டை முழுக்கச் சொன்னார்.

தெரு அம்மன் பல்லக்கில் முன்தண்டில் இரண்டாவது இடம் அவருடையது. அவராக விட்டுத்தராமல் வேறு ஆள் அங்கே தோள் கொடுக்கக்கூடாது. மூன்று ஆடி அந்த இடம் காலியாகவே போனது. பல்லக்கு வாசலைத் தாண்டும்போது அவர் இடது தோள் தானாகத் தாழும்.

நாலாவது ஆடியில் பல்லக்கு அவர் வாசலிலேயே இறங்கியது. முன்தண்டில் அடுத்த இடத்தில் நின்று, காலி இடத்தின் பாரத்தையும் சேர்த்துச் சுமந்த எத்திராஜ், இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். லோகநாதனுக்கும் அப்படித்தான் ஆரம்பித்தது.

"வலிய வெச்சிகினு இன்னாத்துக்கு நைனா தூக்குற?"

"நீ வரேன்னு சொன்னியே மாமு."

லோகநாதன் தண்டை ஒருமுறை தடவினார். "என் எடத்த யாருக்கினா குட்துடுங்கப்பா."

கூட்டத்திலிருந்து ஒரு தோள் வந்து அங்கே புகுந்தது. பல்லக்கு தெருமுனை திரும்பும்வரை லோகநாதனின் இடது தோள் தாழ்ந்தே இருந்தது.