நடுவில் யாரும் நடக்காத வீடு

ஷெர்லி மைசூரில் ஒரு மருத்துவமனையின் நெஞ்சு நோய் வார்டில் இருபத்தாறு வருடமாக நர்ஸ். எதைக் கண்டாலும் விரலால் தட்டிப் பார்ப்பது அவள் பழக்கம். நோயாளியின் முதுகில் டாக்டர்கள் தட்டுவதைப் பார்த்துப் பார்த்து வந்தது அது. உள்ளே நீர் கோத்திருந்தால் சத்தம் மந்தமாக வரும். காற்று அடைத்திருந்தால் முரசு மாதிரி அதிரும். மார்க்கெட்டில் பலாப்பழக்காரர் அவளைக் கண்டாலே, “சிஸ்டர் வந்துட்டாங்க, பழம் மூச்சை இழுத்து விடும்” என்று கிண்டல் செய்வார்.

இதுவரை பதினொரு வாடகை வீடுகள் மாறியிருந்தாள். பணி ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருடம். சேமிப்பு முழுவதையும் போட்டு, மீதிக்கு பேங்க் கடன் வாங்கி, என்.ஆர். மொஹல்லாவில் ஒரு பழைய ஓட்டு வீட்டை வாங்க முடிவு செய்திருந்தாள். தவறிப்போனால் இன்னொரு வீடு வாங்க அவளிடம் எதுவும் மிஞ்சாது.

கவனமாகத்தான் இருந்தாள். சர்க்கார் சர்வேயர் வந்து எல்லையை அளந்து, நான்கு மூலையும் சரி என்று சொல்லிவிட்டார். பேங்க் அனுப்பிய ஆள் பத்து நிமிடம் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போனார். “சர்வே ஆய்த்து”, அளந்து முடிந்தாயிற்று, என்று பார்ப்பவர்களிடமெல்லாம் கன்னடத்தில் சந்தோஷமாகச் சொன்னாள். திங்கட்கிழமை கையெழுத்து.

சனிக்கிழமை மத்தியானம் திரைச்சீலைக்கு அளவெடுக்கப் போனாள். வீட்டுக்காரர் நஞ்சுண்டசாமிக்கு எழுபது வயது. கொள்ளேகால் பக்கத்துத் தமிழ்க் குடும்பம். அந்த வீட்டிலேயே பிறந்து, தனியாக வாழ்பவர். அடுப்படியிலிருந்து காபி கொண்டுவந்தவர் கூடத்தின் குறுக்கே நேராக வரவில்லை. சுவரை ஒட்டியே நடந்து, மூன்று பக்கமும் சுற்றி அவளிடம் வந்தார்.

அப்போதுதான் அவள் தரையைப் பார்த்தாள். சிவப்புச் சிமென்ட் தரை. சுவரோரம் மட்டும் ஓர் ஒற்றையடிப் பாதை போலத் தேய்ந்து வெளுத்திருந்தது. நடுப்பகுதி நேற்றுப் பூசியது போல மினுங்கியது. கட்டில், நாற்காலி, பெட்டி எல்லாமே சுவரோடு சுவராக இருந்தன.

“ஏன் ஐயா, சுத்திட்டு வர்றீங்க?”

அவர் காபியைப் பார்த்தார். “தெரியலீங்கம்மா. எங்கம்மாவும் இப்படித்தான் நடக்கும். கேட்டா, அதுக்கும் தெரியாதுன்னுச்சு.”

ஷெர்லி சுவரோரம் மண்டியிட்டு விரலால் தட்டினாள். கெட்டியான சத்தம். கையை எட்டி நடுப்பக்கமாகத் தட்டினாள். முரசு. வார்டில் பல வருடம் கேட்ட சத்தம்தான். காதைத் தரையில் வைத்தாள். கீழே ஏதோ மிக மெதுவாக மூச்சு விட்டது. கையிலிருந்த அளவு நாடா நழுவி விழுந்தது. அதை எடுக்கவில்லை. வெளியே வந்து, அவளோடு ஒரே சர்ச்சுக்குப் போகும் இன்ஜினீயர் கிங்ஸ்லிக்குப் போன் செய்தாள்.

“சர்வேதான் ஆச்சே, கிங்ஸ்லி!”

“சிஸ்டர், அது நிலத்துக்கு. பேங்க்காரன் பார்த்தது, அவன் குடுக்கற கடனுக்கு வீடு பெறுமான்னு. வீட்டோட உடம்பை யார் பார்த்தா? ஜாதகத்தையும் சம்பளச் சீட்டையும் பார்த்துட்டுக் கல்யாணத்துக்கு ரெடி ஆயிட்டீங்க!”

கட்டடத்தையே சோதிக்க வேறு ஆய்வு உண்டு என்பது அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கிங்ஸ்லி சுத்தியல், துளைபோடும் மெஷினோடு வந்தான். பெரியவரின் சம்மதத்தோடு தரை நடுவில் விரல் அகலத்துக்கு ஒரு துளை போட்டான். குளிர்ந்த காற்று மேலே வந்தது. தூக்குக்குண்டை நூலில் கட்டி இறக்கினான். நூல் போய்க்கொண்டே இருந்தது. முப்பத்தெட்டு அடி.

“கிணறு, சிஸ்டர். மரச்சட்டத்தைப் போட்டு மேலே பூசியிருக்காங்க. சட்டம் உளுத்துப்போச்சு. யாராவது ஒருத்தர் பீரோவை இழுத்து நடுவுல வச்சிருந்தா…”

பெரியவர் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டார். “எழுபது வருசமா இதுக்குப் பக்கத்துலயா தூங்குனேன்?” என்று கேட்டார். கிணறு யாருக்கு மறந்துபோனாலும் அந்த வீட்டு மனிதர்களின் கால்களுக்கு மறக்கவில்லை என்று ஷெர்லி நினைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை அவள் கையெழுத்துப் போடவில்லை. கிணற்றை மூடித் தந்தால் வாங்குவதாக எழுதிக் கொடுத்தாள். பெரியவரும் ஒத்துக்கொண்டார். ஜல்லியும் மண்ணும் லாரி லாரியாக உள்ளே போயின. மேலே கம்பி கட்டிக் கான்கிரீட் போட்டு, நடுப்பகுதியை மட்டும் புதிதாகப் பூசினார்கள். கிங்ஸ்லி மறுபடி சோதித்து, எழுத்தில் கொடுத்தான். பிறகுதான் பத்திரம்.

சாவி வாங்கப் போன அன்று பெரியவர் வாசற்பக்கச் சுவரோரம் பையோடு நின்றார். ஷெர்லி பின்வாசல் வழியாக வந்து எதிர்ச்சுவரோரம் நின்றாள்.

“நடுவுல வாங்கய்யா, இனி ஒண்ணும் ஆகாது.”

“நீங்க முதல்ல வாங்கம்மா.”

அவள் குனிந்து பார்த்தாள். அவள் செருப்பும் அந்தத் தேய்ந்த பாதையில்தான் இருந்தது. பெரியவர் சாவிக்கொத்தைத் தரையில் சறுக்கிவிட்டார். அது பாதி தூரம் ஓடி, சரியாக நடுவில் நின்றது.

ஷெர்லி மண்டியிட்டாள். ஒரு தட்டு, ஒரு முழம் நகர்வு. கெட்டி. இன்னொரு தட்டு. கெட்டி. அப்படியே தட்டித் தட்டிப் போய்ச் சாவியை எடுத்தாள். அவள் வீடு. எழுந்து நின்று திரும்பினாள்.

பெரியவர் கண்களை இறுக மூடி, இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு, ஏதோ விழும் சத்தத்துக்காகக் காத்திருந்தார்.